என் மருத்துவமனைத் திகில் கதைக்கு யாரும் பயப்படவில்லை, ஏன்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றைக் களமாக வைத்து நீங்கள் ஒரு அங்கதத் திகில் கதை எழுதியிருக்கிறீர்கள். தலைமை மருத்துவர், கட்டணம் குறைந்த சி வகுப்பு வார்டில் கிடக்கும் நோயாளிகளின் ஆயுளை ஊசியால் உறிஞ்சி, மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவருக்கு ஏற்றுகிறார். கைம்மாறாக அவருக்குப் பணமும் பதவியும் வருகின்றன. ஐந்தாறு நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் பயப்படவும் இல்லை. “மருத்துவத் தகவலில் ஏதாவது தப்பா?” என்று கேட்கிறீர்கள். தகவலில் தப்பு இருக்கத்தான் செய்கிறது, சொல்கிறேன். ஆனால் நண்பர்கள் கொட்டாவி விட்டதற்கு அது காரணமில்லை. மருத்துவமனையில் அதிகாரம் எப்படிக் கெட்டுப்போகிறது, அது எந்தப் புள்ளியில் பயமாக மாறுகிறது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் 34 வருடம் தாதியாக இருந்தவள். 1981-ல் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பெரும்பகுதி பொது மருத்துவ வார்டு, இடையில் கொஞ்ச காலம் பிரசவ வார்டு, கடைசி ஒன்பது வருடம் டயாலிசிஸ். அறுவைக்கூடம் பயிற்சிக் காலத்தோடு சரி. கதை ஒன்றுகூட எழுதியதில்லை, படிப்பேன், நூலகத்தில் மாதாமாதம் நடக்கும் வாசகர் சந்திப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆகவே வார்டைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கதைக்கலையைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசகியின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தகவல். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் உங்கள் மருத்துவர் நெஞ்சில் ஷாக் கொடுக்கிறார். சினிமாவில் அப்படித்தான் செய்வார்கள், வார்டில் செய்ய மாட்டார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அதை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். கோடு நேராகிவிட்டால் நெஞ்சை அமுக்குவதும் மருந்து ஏற்றுவதும்தான் வேலை. அடுத்தது மூளைச்சாவு. உங்கள் கதையில் மூளைச்சாவு அடைந்தவர் சில்லிட்டு, நீலம் பாரித்துக் கிடக்கிறார். நிஜத்தில் அவருடைய இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூச்சுக் கருவியின் தயவில் மார்பு ஏறி இறங்கும், உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும். உறவினர்களால் நம்ப முடியாமல் போவது இதனால்தான். “கை சூடா இருக்கே மிஸ்ஸி” என்று என்னிடமே ஒரு தாய் கேட்டிருக்கிறார். முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலால் மூளைச்சாவு அடைந்த சிலருடைய கைகள் தானாக மேலெழுந்து மார்பில் மடிவதும் உண்டு. மருத்துவ நூல்களில் பதிவான விஷயம் இது. நான் பார்த்ததில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் தோழி ஒருத்தி பார்த்திருக்கிறாள். இதை உடனே கதையில் தூக்கிப் போட உங்களுக்குக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். வாசகர் ஒருமுறை அலறுவார், அதற்குப் பிறகு கதைக்கு மூச்சு இருக்காது.

மூன்றாவது தப்புதான் பெரியது. உங்கள் தலைமை மருத்துவரே இறப்பையும் உறுதிசெய்து, அவரே உறுப்பையும் எடுக்கிறார். இங்கே மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-ல் வந்தது. மறுப்புத் தெரிவிக்காதவர் எல்லோரும் சம்மதித்தவர் என்று கொள்ளும் சட்டம். ஆரம்பத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும்தான். 2004-ல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் எல்லாம் சேர்ந்தன, எந்தக் காரணத்தால் இறந்தாலும் பொருந்தும் என்றானது. 2008-ல் முஸ்லிம்களும் உள்ளே வந்தார்கள், 2009-ல் 60 வயது என்ற வரம்பு நீங்கியது. மறுத்துவிட்டவருக்குப் பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் அவர் பின்னால்தான் நிற்பார். மூளைச்சாவை இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். அந்த இருவரும் உறுப்பை எடுக்கும் குழுவில் இருக்கக்கூடாது, பெறுபவரைப் பார்த்துக்கொள்பவர்களாகவும் இருக்கக்கூடாது. கொஞ்சம் யோசியுங்கள். இப்படி ஒரு விதி எழுத வேண்டுமென்றால், உங்கள் வில்லனைச் சட்டம் எழுதியவர்கள் உங்களுக்கு முன்பே கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். அவன் பழைய ஆள். அவனுக்கென்று பூட்டுப் போட்டாகிவிட்டது. அவன் கதவைத் தட்டினால் இந்த ஊர் வாசகருக்கு ஏன் பயம் வரும்?

ஊழல் என்றதும் நமக்கு உறையில் வைத்த பணம்தான் ஞாபகம் வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ நடக்கும் கதை என்றால் அந்த உறைக்கு ஒரு வேலை இருக்கும். இங்கே லஞ்ச ஊழலை விசாரிக்கவென்றே 1952 முதல் தனி அமைப்பு இருக்கிறது. உங்கள் மருத்துவர் பணம் வாங்கிய இரண்டாம் பக்கத்திலேயே “யாராவது ஒரு கடிதம் போட்டால் தீர்ந்ததே” என்று வாசகர் நினைத்துவிடுவார். அப்புறம் நீங்கள் எத்தனை பாட்டில் ரத்தம் ஊற்றினாலும் அவர் அந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருப்பார். அதிகாரம் கெட்டுப்போகப் பணம் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லோரும் விதிப்படி நடந்து, எல்லோரும் மரியாதையாகப் பேசி, யாரும் ஒரு வெள்ளிகூட வாங்காமல் ஒரு கொடுமை நடந்து முடிந்தால், கடிதம் யாருக்குப் போடுவது? என்னவென்று எழுதுவது? உங்கள் கதை தொட வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. கண்டாங் கிர்பாவ் மருத்துவமனையில் 1966-ல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல். உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய கணக்கு. (கண்டாங் கிர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். தேக்கா என்ற லிட்டில் இந்தியா பக்கம் ஒருகாலத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததன் மிச்சம். நீங்கள் கற்பனையாக இப்படி ஒரு பெயர் வைத்திருந்தால் நையாண்டி தூக்கல் என்று சொல்லியிருப்பார்கள்.) அதே 1966-ல்தான் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. ‘இரண்டு போதும்’ என்று சுவரொட்டிகள் வந்தன. 1970-களில் பிள்ளை எண்ணிக்கை கூடக்கூடப் பிரசவக் கட்டணமும் ஏறியது, கருத்தடை செய்துகொண்டவர்களுக்குச் சலுகைகள் இருந்தன. 1984-ல் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றார்கள். படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஒன்றோ இரண்டோ பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றார்கள். பட்டதாரித் திட்டம் மறுவருடமே கைவிடப்பட்டது. 1987-ல் ‘மூன்று பெறுங்கள், வசதியிருந்தால் அதற்கு மேலும்’ என்று காற்று திசை மாறியது. அந்தக் கொள்கைக்கு அன்றைக்குக் காரணங்கள் இருந்தன, அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சொல்ல வருவது வேறு. 1984-ல் நான் புதுத் தாதி. மூன்றாவது பிள்ளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம், “இன்னுமா?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு வருடம் கழித்து, அதே தாழ்வாரத்தில், வேறொரு பெண்ணிடம் “மூணாவதா? ரொம்ப சந்தோஷம்” என்றேன். இரண்டு முறையும் மனதாரத்தான் சொன்னேன். இடையில் மாறியது சுவரில் இருந்த காகிதம். இப்போது அதை நினைக்கும்போது வயிற்றில் ஒரு குளிர்ச்சி ஓடுகிறது. உங்கள் கதையில் ஒரு ராட்சச ஊசி செய்ய முடியாததை ஒரு சுவரொட்டி செய்திருக்கிறது.

இனி ஒரு தொலைபேசி. 1966-ல் அமெரிக்காவில் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாதிமைப் படிப்பில் அதைக் கேள்விப்படாதவர் குறைவு. இரவு வேளையில் வார்டில் தனியாக இருக்கும் தாதிக்குத் தொலைபேசி வரும். பேசுபவர் தன்னை டாக்டர் ஸ்மித் என்பார். முன்பின் தெரியாத குரல். “அஸ்ட்ரோடென் என்ற மருந்து அலமாரியில் இருக்கும், இன்ன நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்” என்பார். டப்பாவில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். தொலைபேசியில் மருந்து உத்தரவு வாங்கக்கூடாது என்பது அங்கே விதி. 22 தாதிகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலை நோக்கி நடந்தார்கள். வழியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். உள்ளே இருந்தது வெறும் சர்க்கரை. அதைவிட ருசிகரமானது இன்னொரு கணக்கு. இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 தாதிகளிடமும் 21 மாணவிகளிடமும் கேட்டார்கள். தாதிகளில் 10 பேரும் மாணவிகள் அத்தனை பேரும் “கொடுக்க மாட்டேன்” என்றார்கள். நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டி ‘மனிதர்கள் எல்லோரும் அடிமைகள்’ என்று முடிப்பவர்களை நம்பாதீர்கள். 1977-ல் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். மருந்து தாதிகளுக்குப் பழக்கமான, பதற்றம் தணிக்கும் வேலியம், மருத்துவர் பெயர் தெரிந்த பெயர், பக்கத்தில் இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கவும் வழி இருந்தது. 18 பேரில் கடைசிவரை கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் இரண்டே பேர். ஆக, முதல் சோதனையில் வேலை செய்தது தாதியின் கோழைத்தனம் மட்டும் இல்லை. இரவு, தனிமை, பெயர் தெரியாத மருந்து, கேட்டுப் பார்க்க ஆள் இல்லாமை, எல்லாம் சேர்ந்துதான் 21. பேய்க்கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சமையல் குறிப்பு கிடைக்காது. உங்கள் நாயகியை ஒவ்வொரு ஆளாகப் பிரித்துத் தனியாக்குங்கள். அப்புறம் தொலைபேசி அடித்தால் போதும். மறுமுனையில் பேசுவது யார் என்று கடைசிவரை காட்டவே வேண்டாம்.

அதிகாரம் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் கதை வேண்டும் என்றால் ஸ்டாலினின் கடைசி நாட்களைப் படியுங்கள். 1953 ஜனவரி 13 அன்று, பெரும்பாலும் யூதர்களான மருத்துவர்கள் சிலர் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று கட்சி நாளேடான பிராவ்தாவில் செய்தி வந்தது. ஸ்டாலினை நெடுநாள் கவனித்துவந்த வினோகிராதவ் அதற்கு முந்தைய நவம்பரிலேயே சிறைக்குப் போய்விட்டார். மார்ச் 1 அன்று பகல் முழுக்க ஸ்டாலின் அறையிலிருந்து சத்தமே இல்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். இரவில் துணிந்து உள்ளே போனவர்கள் அவர் தரையில் கிடப்பதைப் பார்த்தார்கள். மருத்துவர்கள் வந்து சேர்ந்தது மறுநாள் காலை. ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை விட்டுப் பார்த்தார்கள். மார்ச் 5 அன்று உயிர் போனது. ஏப்ரலில் மருத்துவர்கள் விடுதலை, சதி என்பதே பொய் என்று அறிவிப்பு. இவ்வளவும் உறுதியான செய்தி. அவருக்கு விஷம் வைத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்கு நிரூபணம் இல்லை, கதைக்கும் அது தேவையில்லை. விஷம் வைத்தார்கள் என்று எழுதினால் அது சாதாரணத் துப்பறியும் கதையாகிவிடும். தன் பெயரைக் கேட்டாலே நடுங்கும்படி எல்லோரையும் பழக்கிவைத்த ஒருவர், அந்த நடுக்கத்தாலேயே தரையில் மணிக்கணக்காகக் கிடந்தார் என்பதில் சிரிப்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, ஒரு சொல்லும் கூட்ட வேண்டியதில்லை.

அதே நாட்டில் மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர் புல்ககோவ். 1925-ல் அவர் எழுதிய ‘நாயின் இதயம்’ உங்கள் கதைக்குப் பெரியப்பா முறை. சோவியத் நாட்டில் அது அச்சேற 1987 ஆனது. தெருநாய்க்கு மனிதனின் உறுப்புகளை வைத்துத் தைக்கிறார் பேராசிரியர் ஒருவர். நாய் மனிதனாகி, பதவியும் வாங்கிக்கொண்டு, ஊர்ப் பூனைகளைப் பிடிக்கக் கிளம்புகிறது. எல்லோரும் அந்த நாயைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது ஆரம்பத்தில் வரும் சின்ன இடம். பேராசிரியரின் வீட்டில் அறைகள் அதிகம், இரண்டை விட்டுக்கொடு என்று குடியிருப்புக் குழு வந்து நிற்கும். அவர் நிதானமாகத் தொலைபேசியை எடுத்து மேலிடத்து ஆள் ஒருவரிடம், “உங்கள் அறுவை சிகிச்சை ரத்து” என்பார். காரணத்தையும் சொல்வார். குழு வாயை மூடிக்கொள்ளும். நாமும் பேராசிரியர் பக்கம் நின்று கைதட்டுவோம். கைதட்டி முடித்த பிறகுதான் உறைக்கும், இப்போது நடந்தது என்ன என்று. நல்லவர் ஒருவர் நோயை வைத்து அதிகாரத்தை மிரட்டினார், நாம் ரசித்தோம். உங்கள் தலைமை மருத்துவரும் இப்படி நமக்குப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும். ஏழை நோயாளிக்குத் தன் கைக்காசில் டாக்சி பிடித்துக் கொடுக்கிறவராக இருக்கட்டும். அவர் கெட்டவர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள், அதனால் வாசகருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“நம் மரபில் இதற்கு வேர் உண்டா?” என்று கேள்வியின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்ற பழமொழி ஒன்று போதாதா? அது ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதன் திரிபு என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இருக்கலாம், ஆனால் பழைய பதிப்பு ஒன்றைக் காட்டி நிரூபித்தவரை நான் பார்த்ததில்லை. அங்கதம் எழுதுகிறவருக்குத் திரிபே போதும். எனக்கு அதைவிட நெருக்கமானது 950-ஆவது குறள். உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். கடைசி ஆள் மருந்தைப் பக்குவம் செய்பவர் என்று பொருள் சொல்வோரும் உண்டு. தாதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், சுயநலம்தான். பயம் உருவாகும் இடமும் அந்த நான்காவது ஆள்தான் என்பது என் அனுபவம்.

ஒன்று சொல்கிறேன். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவம். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி ஒருவர், எழுபது தாண்டியவர். இளம் மருத்துவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் அழகாக, பொறுமையாக விளக்கினார். ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, பக்கவாதம், மேசையிலேயே உயிர் போகும் வாய்ப்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் எட்டு பேருக்கு மருந்து பாக்கி. “பாட்டி, ஆபரேஷன் பண்ணாச் சரியாயிரும், சிலருக்குக் கொஞ்சம் சிரமம் வரலாம், சம்மதம்னா இங்க கைநாட்டு” என்றேன். பாட்டி என் முகத்தையே பார்த்தார். “அவரு அவ்ளோ நேரம் பேசினாரு, நீ இவ்ளோதான் சொல்ற?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கட்டைவிரலை நீட்டினார். நான் அதை மைத்தட்டில் அழுத்தி, படிவத்தில் வைத்து, பஞ்சால் துடைத்துவிட்டேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பாட்டி பல வருடம் இருந்தார். யாரும் புகார் தரவில்லை, தர என்ன இருக்கிறது? படிவம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் அந்தப் பாட்டியின் உயிர்மேல் எனக்கிருந்த அதிகாரம் மருத்துவருக்கும் இல்லை, அமைச்சருக்கும் இல்லை. உங்கள் கதையின் பிசாசு பேசினால், பாட்டி, கைநாட்டு என்று என்னைப் போலத்தான் பேசும்.

பேயே கூடாதா என்றால், தாராளமாக வரட்டும். 1997-ல் மூடப்பட்ட பழைய சாங்கி மருத்துவமனையைச் சுற்றிக் கதை கட்டாதவர் இந்த ஊரில் இல்லை. அதனாலேயே அங்கே போகாதீர்கள், எல்லோரும் போன இடம். 1942 பிப்ரவரி 14 அன்று அலெக்சாந்திரா மருத்துவமனைக்குள் ஜப்பானியப் படை புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றது வரலாறு. அதைத் திகிலுக்கு மசாலாவாகத் தூவுவது எனக்குப் பிடிக்காது, உங்கள் விருப்பம். பேய்கள் உலவும் காலம் என்று நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் நோயாளிகள் உண்டு. நையாண்டிக்கு அதில் இடமிருக்கிறது. அந்த மாதத்தில் பேய்களுக்கும் வெளிநோயாளிப் பிரிவில் வரிசை எண் கொடுத்து உட்காரவைக்கலாம்.

கடைசியாக, ‘சி வகுப்பு வார்டில் பயப்பட என்ன இருக்கிறது’ என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரு இரவு சொல்கிறேன், எந்த மருத்துவமனை என்று கேட்க வேண்டாம். மறுநாள் காலை மேலிடத்துப் பெரியவர் ஒருவர் வார்டைப் பார்க்க வருகிறார் என்று செய்தி. மேலே இருந்து வந்த உத்தரவு, நான் கேள்விப்பட்டவரை, “வார்டு வழக்கம்போல இருக்கட்டும்” என்பதுதான். ஒரு படி இறங்கியதும் அது “நல்லபடியா வழக்கம்போல” ஆனது. இன்னொரு படி இறங்கியதும் பூச்செடி வந்தது. அதற்கும் கீழே “வாடை எதுவும் இல்லாம பாத்துக்குங்க” என்றானது. இரவு இரண்டரைக்கு எங்கள் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் வீட்டிலிருந்து தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். “பன்னிரண்டாம் கட்டில் அங்கிளை விடியறதுக்குள்ள டிரீட்மென்ட் ரூம்ல கொண்டுபோய் வைம்மா, ஒரு ரெண்டு மணி நேரம்தான்.” அங்கிள் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நீரிழிவில் கால் அழுகி, எத்தனை முறை கட்டு மாற்றினாலும் வாடை வரும். சரி சிஸ்டர் என்றேன். ஐந்து மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்தவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனேன்.

சி வகுப்பில் மின்விசிறிதான். அந்த அறையில் மட்டும் குளிர்சாதனம். எஃகு அலமாரிகள், கிருமிநாசினி வாடை, மங்கலாக ஒரு விளக்கு. கட்டில் சுவரில் இடித்ததும் அங்கிள் கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, “மிஸ்ஸி, நான் செத்துட்டேனா?” என்று கேட்டார்.

“இல்ல அங்கிள், காலையில ஒருத்தரு பார்க்க வர்றாரு, அதான்.”

“என்னையவா?”

“வார்டை.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அவரு போனதும் என்னைய உயிரோட கொண்டாந்து வச்சிருவீங்கள்ல?” என்றார். நான் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஏழரைக்குப் பகல் ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது பன்னிரண்டு எங்கே இருக்கிறார் என்று சொன்னேன், எழுதியும் வைத்தேன்.

மறுநாள் இரவு வேலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பெரியவர் எங்கள் மாடிக்கு வரவே இல்லை. மின்தூக்கி வேறு தளத்தில் நின்று, அங்கேயே பார்த்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டாம் கட்டிலின் ஞாபகம் யாருக்கோ வரும்போது மத்தியானம் இரண்டு மணி. டிரீட்மென்ட் ரூமில் அழைப்பு மணி கிடையாது, அங்கே யாரும் தங்குவதில்லையே. நான் போய் நின்றேன். அங்கிளுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. தலையணையில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டார்.

“பெரியவரு என்னா சொன்னாரு மிஸ்ஸி? வார்டு நல்லா இருக்குன்னாரா?”